ஊற்றடியில் நாலு அவரைச் செடி

மார்ச் 2
விடிந்ததும் ஊற்றடிக்குப் போய் அடைப்புக் கல்லை நகர்த்தினேன். பகலெல்லாம் கிழக்குச் சரிவு வயல்களுக்குத் தண்ணீர், பொழுது சாய்ந்தால் மேற்குச் சரிவுக்கு. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வருடமாக இந்தக் கல்தான் என் பிழைப்பு. ஒரு ராத்திரிகூட வெளியில் தங்கியதில்லை. அக்கா மகள் கல்யாணத்தில் சாப்பிடாமல்கூட ஓடிவந்தேன்.

மார்ச் 5
அக்கா போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறாளாம். "ஏப்ரல்ல வந்து சேருடி. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க."

மார்ச் 6
கிழக்குச் சரிவில் மீசைக்காரர் வைத்ததுதான் சட்டம். போகட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "நீ போயிட்டா கல்லை யாரும்மா பார்க்கிறது?" என்றார். அந்தக் காலத்தில் இந்த ஊற்றுக்காக இரண்டு சரிவும் மண்வெட்டியால் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். அதற்கப்புறம்தான் இந்த ஏற்பாடு: நிலமில்லாத வீடுதான் கல்லைத் தொட வேண்டும். நிலம் இருந்தால் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்களாம்.

ஊரில் நிலமில்லாத வீடு என் வீடு ஒன்றுதான். இல்லாமல் போனதற்கு இப்படி ஒரு தண்டனையா?

மேற்குச் சரிவு ரேடியோவும் அதையேதான் பாடினார். வாயை மூடவே மாட்டார், அதனால் அந்தப் பெயர்.

மார்ச் 9
அப்படியானால் — எனக்கும் நிலம் இருந்தால்?

மார்ச் 10
வீட்டுக்குப் பின்னால், ஊற்றடியில், கிழக்கு வாய்க்கால் ஓரமாக, கொத்திப் பாத்தி கட்டினேன். நாலு அவரை விதை. இதுவும் பயிர்தானே! தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 19
முளைத்துவிட்டது. ரேடியோ கண்ணில் பட்டும்விட்டது. "என்னம்மா, நீயும் கிழக்குப் பக்கம் சேர்ந்துட்டியா?"
"ஆமாண்ணே. இனிமே என்னை எப்படி நம்புவீங்க? வேற ஆளைப் பாருங்க."
இருட்டுவதற்குள் ஊர் முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

மார்ச் 21
பிடுங்கிவிட்டார்கள். மீசைக்காரரும் ரேடியோவும் சேர்ந்து வந்து, ஆளுக்கு இரண்டு செடி. நல்லது கெட்டது எதிலும் ஒன்றாக நிற்காத மனிதர்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா. இப்ப நீ பழையபடி பொதுவான ஆளு."

பாவிங்களா, நாலு செடிகூடவா எனக்கு ஆகாது? கட்டிப்போட்ட மாடு மாதிரி வச்சிருக்கீங்களே!

மார்ச் 22
அழுது ஓய்ந்தபின்தான் உறைத்தது. என் செடியைப் பிடுங்க மட்டும் சேர்ந்து வரத் தெரிகிறது. சேர்ந்து ஒரு கல்லை நகர்த்த முடியாதா?

மார்ச் 30
விடியலில் கல்லை நகர்த்தினேன். கிழக்கே தண்ணீர் போனது. முதல் பஸ்ஸில் நான் போனேன்.

ஏப்ரல் 24
கம்பெனியிலிருந்து அக்காவின் அறைக்குத் திரும்பியதும் மீசைக்காரர் போன் செய்தார். "நானும் அந்த ரேடியோவும் சேர்ந்துதாம்மா கல்லை நகர்த்துறோம். ஒருத்தனை நம்பி ஒருத்தன் விட்டுட்டுப் போக முடியல. மக வீட்டுல ஒரு ராத்திரி தங்க முடியலம்மா, இதென்ன பொழப்பு! நீ எப்ப வர்றே?"

"ரெண்டு வருஷம் இருந்து பாருங்கண்ணே" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.