நடக்க மறுத்த வாத்து

மார்ச் 4, திங்கள்

இன்றும் வாத்து விழுந்தது. சரிவுப் பலகையின் மேலே வைத்துக் கையை எடுத்தால், சாவி, பேட்டரி எதுவும் இல்லாமல் தானாகவே தத்தித் தத்தி இறங்கிவர வேண்டிய மர வாத்து. என் கற்பனையில் பிரமாதமாக நடக்கிறது. பலகையில் மூக்கடிபட விழுகிறது.

வெள்ளிக்கிழமை பொம்மைக் கடைக்காரர் வருகிறார். அதற்குள் நடக்காவிட்டால், பழையபடி ரயில் வண்டியையே காட்டப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். இந்தப் பட்டறையில் நானே யோசித்துச் செய்யும் முதல் பொம்மை இது. விட்டுவிட மனசு வருமா?

மார்ச் 5

பாதத்தை அகலமாக்கி, அடியைத் தட்டையாக இழைத்தேன். இப்போது விழவில்லை. நடக்கவும் இல்லை. சிலை மாதிரி நிற்கிறது.

மார்ச் 6, புதன்

எங்கள் பட்டறையில் ஒரு பாழாய்ப்போன வழக்கம் உண்டு. "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேன்" என்று யார் சொன்னாலும், பெயிண்ட் அடிக்கும் அண்ணன் வந்து அவர்களுடைய அரத்தைப் பிடுங்கித் தன் அலமாரியில் பூட்டிவிடுவார். மறுநாள்தான் கிடைக்கும். முதலாளிக்கே ஒருமுறை மூக்குக்கண்ணாடி பறிபோனது. இன்று மத்தியானம் என் முறை.

"அண்ணே, நாளை மறுநாள் வந்துடுவாங்க! விளையாடாதீங்க!"

"அதனாலதாம்மா சொல்றேன். கிளம்பு. உன் மூஞ்சியைப் பாத்தா வாத்தே பயந்துக்கும்."

வீட்டுக்குப் போய் என்ன செய்ய? சுவரை முறைக்கவா? தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன். அவளுக்கு இது ஒன்பதாம் மாதம்.

அதே நாள், சாயங்காலம்

கிடைத்துவிட்டது! தங்கச்சி வீட்டுத் தரையில் சும்மா சாய்ந்தேன். அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். கண் விழித்தபோது அவள் டீ எடுத்து வந்துகொண்டிருந்தாள். எழச் சோம்பல், படுத்தபடியே அவள் கால்களைப் பார்த்தேன். உடம்பு இடப்பக்கம் சாய்ந்தால் வலது கால் கிளம்புகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் இடது கால். அட மக்கே! வாத்தை ஆடவே விடாமல் அல்லவா நிறுத்தி வைத்திருக்கிறேன்? ஆடினால்தானே கால் தூக்கும்!

"திரும்பிப் போய் இன்னொரு தடவை நடந்து வாடி" என்றேன்.

"ஏன்க்கா, டீ சரியில்லையா?"

காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டீ என் தலையில்தான்.

மார்ச் 7

பாதத்தின் அடியைப் பக்கவாட்டில் வளைவாக இழைத்தேன். நடக்கிறது. இடுப்பை ஆட்டி ஆட்டி, ஊரையே விலைக்கு வாங்கப்போகிறவள் மாதிரி நடக்கிறது! பெயிண்ட் அண்ணன் விசிலடித்தார். தூங்கி எழுந்ததும் தோன்றிய யோசனை என்று முதலாளியிடம் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 8, வெள்ளி

கடைக்காரர் சிரிக்கவே தெரியாத மனிதர். வாத்து மேலிருந்து கீழே வந்து சேர்ந்தது.

பிறகு கழுத்து டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தானே எடுத்து மேலே வைத்தார். மறுபடியும் வைத்தார். மறுபடியும். முதலாளி ரயில் வண்டியோடு குறுக்கே வர, "கொஞ்சம் தள்ளுங்க சார், மறைக்குது" என்றார்.

மார்ச் 11

ஆர்டர் வந்துவிட்டது. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்து என்ன?"

"ஒட்டகம் சார்."

"எப்ப ஆரம்பிக்கிறே?"

"இன்னைக்கே சார். நாலு நாள் லீவு குடுங்க."

நாட்காட்டியைப் பார்த்துக் கணக்குப் போட்டார்.

"மூணு நாள்ல தூங்கி முடிக்க முடியாதா?"