கரைக்குக் கரை சொந்தக்காரர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமா? நான் சுகம், தொப்பைகூட பத்திரமா இருக்கு. என் போன் தண்ணியில விழுந்துடுச்சு, அதான் கடிதாசி.

படகு முதலாளிக்குக் கரைக்குக் கரை சொந்தக்காரங்க. அவர் விருந்துக்கு இறங்கிடுவார். கரையிறங்க எனக்கு அனுமதி இல்லை, படகுக்குக் காவல். நேத்து துறையில அவர் தங்கச்சி நின்னு கையாட்டினாங்க. அசல் உன் சாயல். கையில இருந்த கயித்தை விட்டுட்டு நானும் கையாட்டிட்டேன். படகு போய் இடிச்சுடுச்சு.

"உனக்காய்யா ஆட்டினா?"ன்னு முதலாளி கத்தினார். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவங்க இறங்கினப்புறம் அழுதுட்டேன்.

இன்னும் மாமா வீடு, சித்தப்பா வீடெல்லாம் பாக்கியாம். நீ முதலாளிக்குப் போன் போட்டு, எனக்கு உடம்பு முடியலை, அவரை அனுப்புங்கன்னு அழு. என்கிட்ட சண்டையில அழுவியே, அதுல பாதி போதும். பொய்யாச்சேன்னு யோசிக்காதே. இங்க நிஜமாவே முடியாம கிடக்கிறது நான்தான்.

சமையல்காரர் கரைக்கு இறங்குறார், இதைக் குடுத்துடறேன்.

உன் ஆள்