செவலைக் காளையின் சூட்டுக்குறி

கப்பலூர்,
20.3.1979

மதிப்பிற்குரிய லூர்துராஜ் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் பேசாத ஒருத்தி கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் பெயர் செல்லத்தாய். உங்கள் தங்கை பிலோமினாளுடன் கல்லூரியில் படித்தவள். நீங்கள் ஜெர்மனிக்குப் புறப்படும் முன் வந்த கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் கேக்குத் தட்டை நீட்டியபோது எடுத்துக்கொள்ளக் கூச்சப்பட்டுக் கதவோரம் நின்ற பெண் என்றால் ஞாபகம் வரலாம், வராமலும் போகலாம். உங்கள் விலாசத்தைப் பிலோமினாளுக்கு வந்த உறையிலிருந்து எழுதிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. அதற்கும் மன்னிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அனைவரும் சுகம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிம்மக்கல்வரை நடந்தே போய்க் காய் வாங்கி வந்தார்கள். நான் இங்கே கப்பலூரில் போல்ட் செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன்.

உங்கள் கடிதங்களையும் கலர்ப் படங்களையும் பிலோமினாள் எனக்குக் காட்டுவாள். விடுமுறை நாட்களில் நீங்கள் ரயிலேறிப் போகிற கோட்டைகள், பழைய பட்டாள முகாம்கள், உல்ம் நகரத்துப் பழைய சாமான் சந்தை எல்லாம் எனக்கு நேரில் பார்த்தது மாதிரி ஆகிவிட்டன. ஹிட்லர் கூட்டம் போட்ட நியூரம்பெர்க் மைதானத்துப் படிக்கட்டில் புல் முளைத்துக் கிடக்கிற படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குண்டு துளைத்த இரும்புத் தொப்பிக்குத்தான் விலை அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துப் பிலோமினாள் சிரித்தாள். “ஓட்டைச் சட்டிக்கு ஈயம் பூசத்தான் காசு கேப்பாக, எங்கண்ணன் ஓட்டைக்கே காசு குடுக்குது” என்றாள். நானும் சிரித்தேன். கைதிகளை அடைத்துக் கொன்ற டாக்காவ் முகாமைப் பார்த்துவிட்டு வந்த வாரம், சந்தையில் வாங்கிச் சேர்த்த எந்தப் பொருளையும் தொட மனம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இப்போது எழுதுகிறேன்.

கடைசியாக வந்த கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உல்ம் பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவரிடம் அலுமினியச் சாப்பாட்டு டப்பா ஒன்று வாங்கியதாகவும், அதன் அடியில் ஆணியால் கீறிய குறி இருப்பதாகவும் எழுதி, அந்தக் குறியை வரைந்தும் அனுப்பியிருந்தீர்கள். படுத்த பிறை, அதன் நடுவே நிற்கிற கோடு, இடது பக்கம் சின்னதாக ஒரு சாய்ந்த கோடு. பழைய பட்டாளச் சாமான் சேர்க்கிற உங்கள் சங்கத்துப் பெரியவர்கள் அதை நங்கூரம் என்றும், ஏதோ ஒரு படைப்பிரிவின் அடையாளம் என்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்றீர்கள்.

அண்ணே, அது படைப்பிரிவின் அடையாளம் இல்லை. எங்கள் வீட்டு மாட்டுக்குப் போடுகிற சூட்டுக்குறி.

பிறையும் கோடும் எங்கள் தாத்தா காலத்தது. மாடுகளைப் பங்கு பிரித்தபோது, மூத்த மகன் சின்னச்சாமியின் மாடுகள் கலந்துவிடக் கூடாது என்று அவர் பங்குக்கு மட்டும் இடது பக்கம் சாய்ந்த கோட்டைச் சேர்த்தார்களாம். அவர் என் பெரியப்பா. கல்யாணமான மறு வருஷம் பட்டாளத்துக்குப் போனார். ஆப்பிரிக்கப் பாலைவனத்துச் சண்டையில் காணவில்லை என்று சர்க்காரிடமிருந்து காகிதம் வந்தது. பிறகு ஒரு சேதியும் இல்லை. பெரியம்மா மாயக்காள் அன்றிலிருந்து எங்களுடன்தான் இருக்கிறாள். என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப் பார்த்தபோது, அப்பாவை எதிர்த்துப் பேசிப் படிக்க வைத்தவள் அவள்.

“காணோம்னுதான எழுதியிருக்கான், செத்துட்டாகன்னு எழுதலயே” என்பாள். அவ்வளவுதான் அவள் கட்சி. தாலியும் பொட்டும் இருக்கின்றன. எங்கள் அத்தை சோலையம்மாள், “ஆளக் காணோம், பொட்டு மட்டும் அம்புட்டுப் பெருசு” என்று அவள் காதுபடவே சொல்வாள். பெரியம்மா மறுநாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு வருவாள். வளர்கிற காளைக்கன்றுகளில் ஒன்றுக்கு அந்தச் சாய்ந்த கோட்டையும் சேர்த்துச் சூடு போட வேண்டும். அவர் பங்கு. அப்பா முனகிக்கொண்டே போடுவார். இப்போது தொழுவத்தில் நிற்கிற செவலைக் காளைக்கு அந்தக் குறிதான்.

நீங்கள் வரைந்த குறியைப் பார்த்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே தொழுவத்துக்குப் போனேன். பெரியம்மா பருத்திக்கொட்டை வைத்துக்கொண்டிருந்தாள். “என்னத்தா, செவலைய இன்னைக்குத்தான் கண்ட மாதிரி பாக்குற? அதுக்குப் பொண்ணு கேட்டு வந்திருக்கியா?” என்று கேலி செய்தாள். பெரியப்பா இந்தக் குறியை வேறு எதிலாவது போடுவாரா என்று கேட்டேன். “கேக்குறதப் பாரு. எழுத்து வராதுல்ல அவுகளுக்கு? மம்பட்டிக் காம்பு, கலயம், எதக் கண்டாலும் இதக் கீறி வச்சிருவாக. பட்டாளத்துக்குப் போற அன்னைக்கு என் கும்பாவுலயும் கீறிட்டுத்தான் போனாக” என்று சொல்லி, வெண்கலக் கும்பாவை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினாள். அதே பிறை, அதே சாய்வு. “வந்தா இதுலதான் கஞ்சி ஊத்தணும்” என்றாள். தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த விவசாயி சொன்னதை நீங்கள் விவரமாக எழுதியிருந்தீர்கள். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலம். அவர் களத்துக் கொட்டகையில், ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியக் கைதிகள். டப்பாவுக்கு உரியவர் இருமி இருமி இறந்தது. மண் இறுகிக் கிடந்ததால் குழி தோண்ட முடியாமல் மற்றக் கைதிகள் ஓடைக்கரையில் விறகு அடுக்கி எரித்தது. அதன் பிறகு அந்த வீட்டில் டப்பாவில் கோழிக்குத் தீனி வைத்தது. எல்லாவற்றையும் படித்தேன். இதில் என்ன தப்பு இருக்கிறது? அவர்களுக்கு அது யாரோ ஒருவரின் டப்பா.

அந்தப் படத்தையும் கதையையும் தமிழ் வாரப் பத்திரிகைக்கு அனுப்பி, குறி தெரிந்தவர்கள் எழுதலாம் என்று கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். எங்கள் ஊர் டீக்கடையில் பத்திரிகையை ஒருவர் படிக்க மற்றவர்கள் படம் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் உண்டு. மாட்டுச் சூடு தெரியாதவர்கள் கிடையாது. அன்றைக்கே வீட்டு வாசலில் கூடிவிடுவார்கள்.

என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் லாரி கவிழ்ந்து புருஷனை இழந்த முனியாயிக்குச் செய்ததைப் பார்த்தேன். சுற்றி உட்கார்ந்து, பூ வைத்து, பொட்டு வைத்து, பிறகு எல்லாவற்றையும் அழித்தார்கள். வளையலைக் கல்லில் தட்டியதில் மணிக்கட்டு கிழிந்துவிட்டது. தாலியைக் கழற்றிப் பால் செம்பில் போட்டபோது அந்த ரத்தம் பாலில் விழுந்தது. பெரியம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது ஆகப்போகிறது. இத்தனை வருஷம் கேலி செய்தவர்கள்தான் அவளைச் சுற்றி உட்காருவார்கள்.

மறைப்பது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. அவளால்தான் கல்லூரிவரை படித்தேன். அந்தப் படிப்பை வைத்து அவளிடமே ஒளிக்கிறேன். தினமும் அவள் கையால்தான் சாப்பிடுகிறேன்.

நீங்கள் பதில் எழுதுவதானால் கம்பெனி விலாசத்துக்கு எழுதுங்கள். வீட்டுக்கு எழுத வேண்டாம். தபால்காரர் வருகிற நேரம் பெரியம்மா வாசலுக்குப் போய்விடுவாள். வெளிநாட்டுத் தபால்தலையை அவள் பார்க்கக் கூடாது.

இத்துடன் முடித்துவிடத்தான் நினைத்தேன். இன்னொன்று இருக்கிறது. பெரியப்பாவுக்கு இங்கே யாரும் கருமாதி, திதி எதுவும் செய்ததில்லை. இனி நான் செய்தால் ஏன் என்று பெரியம்மா கேட்பாள். நீங்கள் வேதக்காரர், எங்கள் முறை உங்களுக்குத் தெரியாது. முறை வேண்டாம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போங்கள். அதில் தண்ணீர் மொண்டு தரையில் ஊற்றுங்கள். ஊற்றும்போது, “மாயக்கா நல்லா இருக்கா. உங்க பங்கு மாடு தொழுவத்துல நிக்குது” என்று சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள் அண்ணே, நம் ஊர்ப் பேச்சில்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை போன்ற
செல்லத்தாய்