உன் பதிவைத் திருத்தினேன்

ஒரு வாரமாக மேல்காற்று விடவில்லை. இன்று காலை கடையைத் திறந்ததும் மலைப்பக்கமிருந்து சாரல் அடித்தது. மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் வாசனையோடு மண்வாசனையும் கலந்துகொண்டது. இந்த வாசனை வந்தால் பின்னாலேயே நீயும் வருவாய். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து கம்பத்துக்கு வந்து, தலையைக்கூடத் துவட்டாமல் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாய். "மழை வந்துருச்சு மாப்ள, நம்ம பதிவைப் புதுசு பண்ணணும்" என்பாய். இந்த வருஷம் சாரல் மட்டும்தான் வந்தது.

ஹாம் ரேடியோக்காரர்களுக்காக நாம் இருவரும் நடத்திய இணைய மன்றம் அது. லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசும் பைத்தியங்கள் தேனியிலிருந்து மலைக்கு அப்பால் எஸ்டேட் வரை இருந்தார்கள். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும் காலத்தில் தொடங்கினோம். மன்றத்தின் உச்சியில் ஒட்டிவைத்த முதல் பதிவு உன்னுடையது. மலைப்பாதை அடைத்து, போனும் செத்துப்போனால் எந்த அலைவரிசையில் கூப்பிடுவது என்ற விவரம் அதில் இருந்தது. வருஷா வருஷம் அதைப் புதுப்பிப்பாய். வயர்லெஸ் செட்டை அந்த அலைவரிசைக்குத் திருப்பி, எதிர்முனையில் ஆள் பேசுவதைக் காதால் கேட்காமல் ஒரு வரி எழுத மாட்டாய். "கேக்காம எழுதுனா அது வதந்தி மாப்ள."

ஒருமுறை அந்தப் பதிவில் ஆன்டெனா உயரத்தை நான் மாற்றிவிட்டேன். திராட்சைப் பந்தல் கம்பியில் நீ கட்டிய ஆன்டெனா மின்கம்பிக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்குப் பயம். பதிவுக்குக் கீழே "கடைசியாகத் திருத்தியவர்" என்று என் பேர் தானாக வந்து நின்றது. உனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "நான் எழுதுனதுக்குக் கீழ உன் பேரு எதுக்கு?" பல நாள் பேசவில்லை. பிறகு ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு வந்தாய், கூடவே ஒரு விதியும் கொண்டுவந்தாய். ஒருத்தர் எழுதினதில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. தப்பென்றால் கீழே பதில் எழுத வேண்டும். திராட்சை தின்ற வாயால் மறுக்க முடியவில்லை.

மாசியில் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அதற்குப் பிறகு, நம் குரலை வாங்கி மலைக்கு அப்பால் அனுப்பும் ரிப்பீட்டரின் அலைவரிசையை மாற்ற வேண்டி வந்தது. விதிப்படி உன் பதிவைத் தொடவில்லை. கீழே பதிலாகப் போட்டேன். அதன்மேல் உனக்கு அஞ்சலி எழுதியவர்களின் பதிவுகள் குவிந்து, என் பதில் எங்கேயோ உள்ளே போய்விட்டது.

போன வாரம் மலைமேல் மழை கொட்டிப் பாதையில் மண் சரிந்தது, போனும் செத்துப்போனது. எஸ்டேட்டில் புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒரு பெண், மூச்சுத் திணறும் தன் அப்பாவை வைத்துக்கொண்டு முன்பே எழுதிவைத்திருந்த உன் பதிவைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறாள். பழைய அலைவரிசை. நாங்கள் எல்லோரும் புதியதில் காத்துக் கிடந்தோம். கடைசியில் எஸ்டேட் ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டே நடந்து, சரிவுக்கு இந்தப் பக்கம் ஜீப் பிடித்தார்கள். பிழைத்துக்கொண்டார். போன் வந்த பிறகு மன்றத்தில் அவள் எழுதியது இவ்வளவுதான்: "நீங்கள் சொன்ன இடத்தில் கூப்பிட்டேன். ஒருவரும் இல்லை."

பதிவைத் திருத்தலாமா என்று மன்றத்தில் கேட்டால், "அவர் நினைவாக அது அப்படியே இருக்கட்டும்" என்றார்கள். உன் கடைசி எழுத்தாம். எனக்கும் அதில் விரல் வைக்க மனம் வரவில்லை. உன் மேலேயே எரிச்சலாக வந்தது. இப்படி ஒரு விதியைப் போட்டுவிட்டுப் போனால் நான் என்ன செய்ய?

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, பந்தலில் கொடி கட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த கயிற்றை விடாமலே கேட்டுவிட்டுச் சொன்னது: "போன வருசம் கட்டுன கயித்தையே அவுக இந்த வருசம் நம்ப மாட்டாக. இழுத்துப் பாத்து, இத்துப்போயிருந்தா அத்துப்போட்டுப் புதுசு கட்டுவாக. அவுக எழுத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டி வைக்கவா போறீக, அண்ணே?"

திரும்பி வந்து செட்டைப் போட்டேன். முதலில் உன் பழைய அலைவரிசையில் கொஞ்ச நேரம் இருந்தேன். வெறும் இரைச்சல். அப்புறம் புதியதற்குத் திருப்பிக் கூப்பிட்டேன். அந்தப் பெண்தான் பதில் சொன்னாள். "கேட்குது சார், நல்லா கேட்குது. அப்பா கஞ்சி குடிக்கிறார்." காதால் கேட்ட பிறகு உன் பதிவைத் திறந்து அந்த ஒரு வரியை மாற்றினேன். விதியையும் மாற்றினேன்: உயிருக்கு அவசரமான விவரம் என்றால், காதால் கேட்டு உறுதி செய்தவர் யாரும் திருத்தலாம். 'கேட்டு' என்ற சொல் உன்னுடையது.

இனி சாரல் வரும்போதெல்லாம் இந்த வேலை என்னுடையது. கேட்காமல் எழுத மாட்டேன். இப்போது உன் பதிவுக்குக் கீழே, நீ சண்டை போட்ட அதே இடத்தில் என் பேர் நிற்கிறது. காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வந்து ஒரு சண்டை போட்டுவிட்டுப் போயேன், மாப்ள.