ஊருக்கு ஒரு பிட்காயின் சட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முட்டி வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாளா? நான் நலம்தான்.

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். ஊரில் வாங்கி வைத்திருந்த பிட்காயினைப் போன வாரம் இந்த நாட்டிலிருந்து விற்றேன். பணம் வந்ததும் வங்கி போலீசுக்குத் தகவல் கொடுத்துவிட்டது. அவர்கள் கூப்பிட்டதும், ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரிகளை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"வரியெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்கேன் சார்" என்றேன்.

அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "உங்க ஊர்ல வரி கட்டினா போதும்மா. இங்க விக்கிறதே குத்தம்."

மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ கூடக் கொடுத்தார்கள். போனையும் பாஸ்போர்ட்டையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை விசாரணை, அதுவரை ஸ்டேஷனிலேயே இருக்க வேண்டுமாம்.

நான் ஊரில் இருந்தபோதே பிட்காயின் வாங்கியதற்கான ரசீதை, நம் ஆடிட்டரிடம் எங்கள் ஆஸ்பத்திரி மெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் அம்மாவும் இருக்கிற படம் ஒன்று. எல்லாப் படமும் அந்தப் போனில்தான் இருக்கிறது. அம்மாவிடம் போன் ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு வரும் நர்ஸ் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், ஏர்போர்ட் போக வாசலில் டாக்சியில் காத்திருக்கிறார். வியாழக்கிழமை ஒரே ஒரு போன் பேச விடுவார்களாம். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உங்கள் நம்பர் மட்டும்தான். தெரியாத நம்பர் என்று கட் பண்ணிவிடாதீர்கள், அப்பா.

அவசரத்தில்,
உங்கள் வாயாடி