துவானுக்கு நீ ஊதிய மூச்சு

என் தங்கமே, ஜெசிந்தா,

நேற்று அந்தத் துவானிடம் போய்விட்டு வந்தேன். சிரிக்காதே. நீ போய் இத்தனை மாதம் ஆகியும் அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

உன் ஈரல் கெட்டது தெரிந்த பிறகு, இந்த வியட்நாமில் நான் வேலை பார்க்கும் பின் யுவோங் ஊர் ஆலையில் அரை நாள் லீவு போட்டு, தூ டுக் நகரில் இருக்கும் அவன் ஆய்வுக்கூடத்துக்கு மாதாமாதம் உன்னைக் கூட்டிப்போனவன் நான்தான். ஊசி வேண்டாம், ஒரு குழாயில் ஊதினால் போதும், ஈரலின் நிலைமையை மூச்சே காட்டிக்கொடுக்கும், அதற்கொரு கருவி செய்கிறோம் என்றான். ஆரஞ்சுத் தோலில் மணக்கிற பொருள் சாப்பாட்டோடு உள்ளே போகுமாம். நல்ல ஈரல் அதைக் கரைத்துவிடும். கெட்ட ஈரல் விட்டுவிடும், அது மூச்சில் வந்துவிடுமாம். முப்பது வருஷம் உன் பக்கத்தில் படுத்தவன் நான். எனக்குத் தெரியாத வாசம் அவன் பெட்டிக்குத் தெரிந்துவிட்டது. எரியாதா?

அவனுக்காக நீ செய்ததெல்லாம்! முதல் நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. பூண்டு கிடையாது, காலையில் காபி கிடையாது. காரைக்காலில் தாலி ஏறிய நாள்முதல் எனக்காக ஒருவேளை காபியை விட்டிருப்பாயா?

நான் முறைத்தால், "ஏன் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்கீங்க? அவரு மூச்சத்தானே கேக்குறாரு, முத்தமா கேக்குறாரு?" என்றாய். அதை வியட்நாமியத்தில் அவனிடமும் சொல்லித் தொலைத்தாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் உன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"கடைசிக் காத்துதான் வேணும்" என்பான். முதலில் வருவது வெறும் வாய்க்காற்றாம், அடிநெஞ்சிலிருந்து வருவதுதான் கணக்காம். ஆக, வாய்க்காற்று எனக்கு, அடிநெஞ்சு அவனுக்கு!

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "நீங்களும் போயி ஒருதரம் ஊதிட்டு வாங்க. நாம ஒரே சட்டியில தின்னவங்க, உங்களுக்கு பீரு வேற." சரி என்றேன். போகவில்லை. அவன் முன்னால் போய் நான் வாயைத் திறப்பதா?

நேற்றுப் போனதும் ஊதுவதற்கு அல்ல. குழாயில் நீ ஊதிய மூச்சைப் பிடித்து அடைத்த பை அங்கே இருக்குமே, அதைக் கேட்டு வாங்கத்தான். உன் சேலை வீட்டில் இருக்கிறது, சீப்பு இருக்கிறது. மூச்சு மட்டும் அவனிடம் இருப்பானேன்?

துவான் தலையைக் குனிந்துகொண்டு வியட்நாமியத்தில் சொன்னான்: "பைய அன்னன்னிக்கே காலி பண்ணிடுவோம்ண்ணே. காத்து தங்காது." அப்படியானால் அவனிடமும் நீ இல்லை! ஒரு அல்ப சந்தோஷம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. எழுந்து நடந்தேன்.

கதவைத் திறக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், தமிழில்: "என்னங்க!"

அப்படியே நின்றுவிட்டேன். என் பெயரே அதுதான் என்று நினைத்திருக்கிறான் மனுஷன். நீ என்றைக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய்? பெஞ்சில் இருந்த என்னை நீ கூப்பிட்டதெல்லாம் அப்படித்தானே. உனக்குப் பிறகு அந்தச் சொல்லை என் காது கேட்கவே இல்லை, ஜெசி.

"உங்களையும் ஊத வச்சிடணும்னு அவங்க எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க. காலையில சாப்பிட்டீங்களா?" என்று வியட்நாமியத்தில் கேட்டான். இல்லை என்றேன். நீ இல்லாத வீட்டில் காபி போட யாருக்கு மனசு வருகிறது? உட்கார்ந்தேன். அடிநெஞ்சு காலியாகும்வரை ஊதினேன்.

கருவி சந்தேகப்பட்டது. இன்றைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு, ஆரம்பம்தான், பீரை விட்டால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். உன்னுடையது மட்டும் ஏன் இப்படி ஆரம்பத்திலேயே தெரியாமல் போனது?

பீரை விட்டுவிட்டேன். அடுத்த மாதமும் வெறும் வயிற்றோடு போய் ஊதுவேன், இது சத்தியம். அவனைப் பிடித்துப்போய் அல்ல. நீ கூப்பிட்டது போலக் கூப்பிட அவன் ஒருவன்தான் இருக்கிறான். அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
உன் என்னங்க