எட்டுக் கிளாஸ் மழை

டிசம்பர் 3, புதன். காலை 6.10. கோடுகள் 51.

கண்டி வாவி மேல் பனி. கணினியில் கிழக்குக் கடலின் தாழமுக்கம். அது போகக்கூடிய பாதைகள் 51. முப்பத்தேழு கரையோரமாக வடக்கே. பதினான்கு மட்டும் உள்ளே திரும்பி மலைக்கு. சீப்பில் சிக்கிய முடி மாதிரி. இரவு அதைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன். கனவில் அந்தப் பதினான்கும் ஹந்தானை மலைச் சரிவில் சத்தமில்லாமல் இறங்கி வந்து என் ஜன்னலில் நின்றன.

பாண் தீர்ந்துவிட்டது. வெறும் தேத்தண்ணி.

வானிலை அலுவலகத்தில் எனக்கு மேலே சிவா அண்ணை, யாழ்ப்பாணத்தார்: "மலையில என்ன புயல் தம்பி? கரையில அடிக்கிறதைப் பாரும்."

எரிச்சல். மலை மழையை அளந்து காட்டினால்தான் அடங்குவார். அக்கா புசல்லாவையில், தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கிளார்க். மழைமானி பார்ப்பதும் அவள்தான். தினம் எட்டரைக்கு அளவு சொல்வதாக ஒப்புக்கொண்டாள்.

டிசம்பர் 4, வியாழன். 8.40.

அக்கா: "நாலு புள்ளி ஒன்னு." போட்டேன்: 4.1 மில்லிமீற்றர். தூறல். மலைக்குத் திரும்பும் பதினான்குக்கும் இது காணாது. அந்தக் கோடுகளை அழித்தேன். அண்ணை சொன்னதுதான் சரி போல. கசப்பு.

கீழ் லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏறட்டுமா என்று அக்காவிடம் கேட்கிறார்களாம். லயத்துக்குப் பின்னாலேயே மண்மேடு. வேண்டாம், தூறல்தான் என்றேன்.

பகல் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். கண்டியே தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல. பஸ்கள் மீன் மாதிரி நழுவின. குடையை எங்கோ விட்டுவிட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி. 8.35.

"அஞ்சு புள்ளி மூணு, தம்பி. கை கடுக்குது. நேத்து மழைமானித் தண்ணிய எட்டுத் தடவ அளவு கிளாஸ்ல நெறைச்சு ஊத்துனேன். இன்னிக்குப் பத்துத் தடவ, அப்பவும் மிச்சம்."

ஐந்து மில்லிமீற்றருக்கு ஒரு கிளாஸே நிறையாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"அங்குலம்னு. வெள்ளக்காரத் தொரைமார் காலத்துக் கிளாஸ்ல வேற என்ன இருக்கும்? படிச்சவனுக்குத் தெரியாதா?"

ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். அப்படியானால் நேற்று 104. இன்று 135.

கீழ் லயத்தை இப்பவே மேலே ஏற்று என்றேன். அவள் பக்கம் தண்ணீர்ச் சத்தம்.

"எந்தம்பி சொன்னான்னு எல்லாரையும் இருக்கச் சொல்லிட்டேனே."

லைன் போய்விட்டது. ஏழு தடவை எடுத்தேன். இல்லை. ஜன்னலில் பனி. அழித்த பதினான்கும் அதில் நிற்கின்றன.

இனி:

1. கிராம சேவகருக்கு அழைப்பு. கீழ் லயம் காலியாக வேண்டும், இப்போதே.
2. 104, 135 போட்டுக் கணினியில் மறுபடி ஓட்டம். முடிவு அண்ணை மேசைக்கு. பிழை என்னுடையது என்று எழுதி.
3. புசல்லாவை பஸ். வழியில் கம்பளையோடு நிறுத்தினால் நடை.
4. லயத்தில் ஒவ்வொரு கதவாக: நான் சொன்னது பிழை. அதை அக்காவைச் சொல்ல விடக்கூடாது.